நூன் வாத்தியாரும் மூன்று மணிச் சோறும்

உக்கிரபாண்டி என்று பெயர் வைத்தவர்கள், பிள்ளை பெரியவனாகி நாலு பேரை மிரட்டட்டும் என்று நினைத்துத்தான் வைத்திருப்பார்கள். நினைப்பு வீண் போகவில்லை. பழங்காநத்தம் பஸ் ஸ்டாப்பில் அவர் தலை தெரிந்தால் ஆட்கள் மிரளத்தான் செய்தார்கள். அரிவாளுக்குப் பயந்து அல்ல, ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்குப் பயந்து.

அவர் பக்கத்தில் நின்றுகொண்டு யாரும் மணி கேட்கக்கூடாது. "மணி பன்னெண்டு ஆச்சா சார்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால் தொலைந்தது. "பன்னெண்டுக்கு இங்கிலீஷ்ல என்ன?" என்று திருப்பிக் கேட்பார். அந்த ஆளும் பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகத்தில் "நூன்" என்பான். உடனே உக்கிரபாண்டி வாத்தியார் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். தூண்டிலில் கெண்டை மாட்டியவனுக்கு வருகிற சிரிப்பு. அதற்குப் பிறகு எத்தனை பஸ் வந்து எத்தனை பஸ் போனாலும் அந்த மனிதன் ஏற முடியாது. ஏனென்றால் அவன் சட்டைப் பொத்தான் வாத்தியார் கையில் இருக்கும்.

"நூன்னா பன்னெண்டுன்னுதான நெனைக்கிறீங்க? இல்ல சார். அது மூணு மணி!"

இப்படித்தான் ஆரம்பிப்பார். ரோமாபுரிக்காரர்கள் சூரியன் கிளம்பியதிலிருந்து பகலை எண்ணினார்கள். அதில் ஒன்பதாவது மணிக்கு 'நோனா' என்று பெயர். நம் கணக்குக்கு அது பிற்பகல் மூன்று. அந்த நோனாதான் சீமைக்குப் போய் நூன் ஆனது. அங்கே மடத்துச் சாமியார்களுக்கு மூன்று மணிக்கு ஒரு ஜெபம் உண்டு. விரத நாளில் அந்த ஜெபம் முடிந்த பிறகுதான் கஞ்சியோ ரொட்டியோ கண்ணில் காட்டுவார்கள். சாமியாருக்கும் வயிறு ஒன்றுதானே? மூன்று மணி ஜெபத்தைக் கொஞ்சம் முந்திச் சொன்னார்கள். அடுத்த தலைமுறை இன்னும் கொஞ்சம் முந்திச் சொன்னது. இப்படி இழுத்து இழுத்து, சில நூறு வருஷத்தில் மூன்று மணி நூன் பன்னிரண்டு மணிக்கு வந்து குந்திக்கொண்டது. "பசிதான் சார் கடிகாரத்த நகட்டுச்சு! பசி!" என்று தன் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டி முடிப்பார். முடித்துவிட்டார் என்று அந்த ஆள் மூச்சு விட்டால், "இன்னொண்ணு கேளுங்க, ஒரு காலத்துல நடுச்சாமத்தையும் நூன்னு சொல்லியிருக்கான்" என்று மறுபடி பொத்தானைப் பிடிப்பார்.

அவர் இதைப் படித்த அகராதியை எழுதியவன் பாவம், 'பசியினால் இருக்கலாம்' என்று அடக்கமாகத்தான் போட்டிருந்தான். அந்த 'லாம்' வாத்தியாருக்கு ஒத்துவரவில்லை. எடுத்து எறிந்துவிட்டார். அதற்குப் பதிலாகத் தொப்பை போட்ட சாமியார் ஒருவரைத் தன் கைச்சரக்காகச் சேர்த்துக்கொண்டார். அந்தத் தொப்பைச் சாமியாருக்கு மணி அடிக்கிற வேலை. பசி தாங்காமல் அவர் திருட்டுத்தனமாகக் கயிற்றை முந்தி இழுப்பார். அதை வாத்தியார் நடித்துக் காட்டுவதைப் பார்க்க வேண்டும். பழங்காநத்தம் ரோட்டில் இல்லாத கயிறு ஒன்று ஆகாயத்திலிருந்து தொங்கும்.

அந்த வார்த்தை அவர் கையில் அகப்பட்டதே ஒரு கதை. செக்கானூரணிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. ஊரில் அவர்தான் முதல் எம்.ஏ. மூன்றாவது தடவையில் தேறினார். ஊர்க்காரர்கள் அதை, "எம்.ஏ.வ மூணு தடவ படிச்சவன்யா நம்ம பாண்டி" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அவரும் மறுக்கவில்லை. எழுபதுகளின் நடுவில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கேட்டு நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்துக்குப் போனார். "லைப்ரரியில் உட்காருங்கள், பன்னிரண்டு மணிக்கு என் அறைக்கு வாருங்கள்" என்று பேராசிரியர் தன்மையாகத்தான் சொன்னார். அங்கே தொட்டில் மாதிரி ஒரு ஸ்டாண்டில் பெரிய அகராதி ஒன்று திறந்து கிடந்தது. பன்னிரண்டு மணிக்குப் பேராசிரியரைப் பார்க்க வேண்டியவர், அதில் நூன் என்ற வார்த்தையைப் பார்த்தார். நிமிர்ந்தபோது மூன்று மணி. பேராசிரியர் வீட்டுக்குப் போய்விட்டார். ஆராய்ச்சிப் படிப்பு போச்சு, வார்த்தை வந்தது. வேறு எவனாயிருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டிருப்பான். இவரோ புதையல் எடுத்தவர் மாதிரி பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தார்.

பிறகு பழங்காநத்தத்தில் விடிவெள்ளி டுடோரியலில் சேர்ந்தார். எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் கோட்டை விட்ட பிள்ளைகளுக்குப் பாடம். காலை வகுப்பு பன்னிரண்டுக்கு முடிந்துவிடும். சாயங்கால வகுப்பு ஐந்து மணிக்கு. இடையில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கமும் போடலாம். வீடு இருந்த திருநகர் ஒன்றும் தில்லியில் இல்லை, டவுன் பஸ்ஸில் ஏறினால் இருபது நிமிஷம்.

ஆனால் டுடோரியல் எதிரில்தான் காளை டீக்கடை இருந்தது. பன்னிரண்டு மணிக்கு அங்கே எண்ணெய்ச் சட்டியிலிருந்து பருப்பு வடை இறங்கும். வாத்தியார் ரெண்டு வடையும் ஒரு டீயும் சொல்லிவிட்டு, பெஞ்சில் அன்றைக்கு எவன் உட்கார்ந்திருக்கிறான் என்று பார்ப்பார். கதை சூடு பிடித்தால் இன்னும் ரெண்டு வடை. மாட்டிக்கொண்ட ஆள் எழுந்து போக வெட்கப்பட்டு இன்னொரு டீ சொல்வான். அதனால் காளைக்கு வாத்தியார் மேல் தனிப் பிரியம். "வாத்தியாரே, இந்தத் தொப்பச் சாமியாரு கதய இந்த மாப்ளைக்குச் சொல்லலையே" என்று அவனே ஆள் பிடித்துக் கொடுப்பான். சீமைச் சாமியார்களின் பசியை இவர் வாய் நிறைய வடையோடு விளக்கி முடித்து, வாயைக் கொப்பளித்து, பஸ் பிடித்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மூன்று அடித்திருக்கும். ரோமாபுரிக்காரன் சொன்ன அதே நோனா.

வீட்டுக்குள்ளே செல்லத்தாய் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள்.

செல்லத்தாய் கருமாத்தூர்ப் பெண். களை எடுக்கப் போன இடத்தில், பொழுது உச்சிக்கு ஏறுமுன்னே தூக்குச்சட்டியைத் திறந்து கம்மங்கஞ்சியும் வெங்காயமுமாக இறக்குகிற கூட்டத்தில் பிறந்தவள். அங்கே ஆம்பிளை முந்தியா பொம்பளை முந்தியா என்று யாரும் கேட்டதில்லை. பசித்தவன் முந்தி. கல்யாணமான புதிதில் புருஷன் வீட்டிலும் அப்படித்தான் இருந்தாள். திருநகருக்குக் குடி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமைதான் அவள் வயிற்றுக்குச் சனி பிடித்தது.

அன்று காலை வாத்தியார் பேப்பர் இரவல் வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போனார். பக்கத்து வீட்டில் பசுபதி. கலெக்டர் ஆபீசில் சூப்பிரண்டு. அவர் மனைவி தர்மாம்பாள். பசுபதி பலகையில் உட்கார்ந்து வாழை இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தர்மாம்பாள் நின்று பரிமாறிக்கொண்டிருந்தாள். "நீங்க சாப்பிடலையாம்மா?" என்று வாத்தியார் கேட்டார். "அவர் சாப்ட்டப்புறம்தான் நான்" என்று அந்த அம்மாள் சிரித்தபடி சொன்னாள். வாத்தியாருக்கு மெய் சிலிர்த்துவிட்டது. இலையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், நெய்க் கிண்ணத்தைப் பார்த்தார். சுவரில் கடிகாரம் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவில்லை. காலத்தைப் பற்றிப் பேசியே காலம் தள்ளுகிற மனிதர் கடிகாரத்தை ஏன் பார்க்கப் போகிறார்?

பேப்பரோடு வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டார்.

"இந்தாரு செல்லத்தாயி. இனிமே நான் சாப்பிட்ட பெறகுதான் நீ சாப்பிடணும். படிச்ச வீடுகள்ல அப்பிடித்தான். பக்கத்து வீட்டம்மாவப் பாத்துக் கத்துக்க."

"சரிங்க. நீங்க எத்தன மணிக்கு வருவீங்க?"

"வரும்போது வருவேன். மணிக் கணக்கெல்லாம் ஆபீஸ்ல வேல பாக்குறவனுக்கு."

செல்லத்தாய்க்கும் படித்த வீட்டு மனுஷியாக வேண்டும் என்ற ஆசை இருக்கத்தான் செய்தது. கருமாத்தூர்ப் பட்டிக்காடு என்று தெருவில் யாரும் சொல்லிவிடக்கூடாது. பிள்ளைகள் ரெண்டும் சோற்றை டப்பாவில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விடும். அவள் மட்டும் ஆக்கிய சோற்றை மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்த்தபடி இருப்பாள். பன்னிரண்டு மணிக்குப் பசி வரும். ஒரு செம்புத் தண்ணீர் குடிப்பாள். ஒரு மணிக்கு இன்னொரு செம்பு. வயிற்றை ஏமாற்றப் பார்த்தாள். வயிறு என்ன டுடோரியல் பையனா, சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்பதற்கு? முதல் வருஷம் முணுமுணுத்தது. அடுத்த வருஷம் எரிந்தது. அதற்கப்புறம் புளித்த தண்ணீராக வாய்க்கு ஏறியது.

மூன்று மணிக்கு வந்து உட்காருகிறவருக்கோ பசியே இருக்காது. உள்ளே நாலு வடை இருக்கிறதே. ரெண்டு கவளம் எடுத்துப் போட்டுக்கொண்டு, "குழம்புல உப்பு தூக்கல்" என்று ஒரு தீர்ப்பு. பிறகு கையைக் கழுவப் போவார். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்பார்கள். இந்த மனிதர் படித்தது பசியின் வரலாறு.

வருஷங்கள் ஓடின. ஒரு நாள் அடுப்படியிலேயே செல்லத்தாய் சுருண்டு விழுந்தாள். தர்மாம்பாள்தான் கொல்லைப்பக்கமாக வந்து தூக்கி உட்கார வைத்து, பிள்ளையை அனுப்பி வாத்தியாரை வரவழைத்தாள். பழங்காநத்தத்து டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"குடல்ல புண்ணு. வேளா வேளைக்குச் சாப்பிடணும்மா. மதியம் பன்னெண்டரைக்குள்ள சோறு உள்ள போயிருக்கணும். இல்லேன்னா இது ஆறாது, ஓட்டை விழுந்துரும். அப்புறம் ரத்த வாந்தி, பெரியாஸ்பத்திரி, ஆபரேசன். உயிருக்கே ஆபத்து. புரியுதா?" என்றவர் வாத்தியார் பக்கம் திரும்பினார். "சார், நீங்களாச்சும் கேட்டீங்களா?"

வாத்தியார் கேட்டார். ஒரு சொல்லை மட்டும் கேட்டார்.

"பன்னெண்டுன்னு சொன்னீங்க பாருங்க டாக்டர், அந்த நூன்ங்கிற வார்த்தைக்கு ஒரு கத இருக்கு..."

வெளியே பத்துப் பதினைந்து நோயாளிகள் இருமிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டபடி தொப்பைச் சாமியார் கயிறு இழுக்கிற வரைக்கும் கேட்டார். "அந்தச் சாமியாருங்க கெட்டிக்காரங்க சார். அவங்களுக்குக் குடல் புண்ணு வந்திருக்காது. அடுத்த ஆள வரச் சொல்லுங்க" என்றார். மண்டையில் உறைக்கும்படிதான் சொன்னார். வாத்தியாருக்கு அது பாராட்டாகப் போய்ச் சேர்ந்தது. "டாக்டரே அசந்துட்டாரு பாத்தியா?" என்று பஸ்ஸில் ரெண்டு தடவை சொன்னார். செல்லத்தாய் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தாள்.

மறுநாள் அவள் டாக்டர் சொன்ன நேரத்துக்குச் சாப்பிட்டாள். மூன்று மணிக்கு வந்த வாத்தியார் கழுவிக் கவிழ்த்த அவள் தட்டைப் பார்த்தார்.

"சாப்ட்டியா?"

"டாக்டரு சொன்னாருல்லங்க."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் பரிமாறிய தட்டை அவர் மெல்ல ஒரு விரலால் தள்ளி வைத்தார். "எனக்கு வேணாம். வயிறு நெறஞ்சிருச்சு" என்றார். அது சத்தியமான வார்த்தை, அன்றைக்கு ஐந்து வடை. அது தெரியாத செல்லத்தாய், புருஷன் பட்டினி கிடக்கிறான் என்று பதறினாள். ரெண்டு நாள் அவர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளைகளைப் பார்த்து, "இனிமே இந்த வீட்டுல அவங்கவங்க பாட்டப் பாத்துக்கிறதுதான் போல" என்றார். மூன்றாம் நாள் செல்லத்தாய் மறுபடி சோற்றை மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். டாக்டர் கொடுத்த வெள்ளை மருந்தைத் தண்ணீருக்குப் பதிலாகக் குடித்தாள். வந்தவர் போனவரிடம் வாத்தியார், "நான் என்ன சாப்பிடாதேன்னா சொல்றேன்? எனக்கு முந்திச் சாப்பிட அவளுக்கு மனசு வராது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டார்.

இப்படிப்பட்டவருக்கும் ஒரு நாள் மேடை கிடைத்தது. திருநகரில் குடியிருப்பவர்கள் சேர்ந்து ஒரு மன்றம் நடத்தினார்கள். ஆண்டு விழா ஞாயிற்றுக்கிழமை. பேசுவதாக ஒப்புக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற நீதிபதிக்குச் சனிக்கிழமை ஜலதோஷம் பிடித்துவிட்டது. மன்றத்துச் செயலாளர் பசுபதி தெருவெல்லாம் அலைந்தார். கடைசியில், ஆபத்துக்குப் பாவமில்லை என்று நூன் வாத்தியார் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஏதாவது பேசுங்கோ சார். இருபது நிமிஷம் போறும். பன்னண்டரைக்கு இலை போட்டுடுவா. பந்தி எல்லாருக்கும் உண்டு, மாமியையும் அழைச்சிண்டு வாங்கோ."

வாத்தியார் ராத்திரி முழுக்கக் கண்ணாடி முன்னால் கயிறு இழுத்தார். பேச்சாளனுக்கு வயிறு லேசாக இருக்க வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தார். அதனால் காலையில் செல்லத்தாய் வைத்த இட்லியைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை, காளை கடை வடையும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வெறும் வயிற்றோடு அந்தக் கதையைச் சொல்லப் போனார்.

மைதானத்தில் பந்தல். ஒரு பக்கம் மேடையும் நாற்காலிகளும். தென்னங்கீற்றுத் தட்டி ஒன்றுதான் மறைப்பு. அந்தப் பக்கம் சாப்பாட்டு மேசைகள். சமையல்காரர்கள் முருங்கைக்காய்ச் சாம்பாரில் கடைசியாகப் பெருங்காயத்தைக் கரைத்து ஊற்றிய நேரம் பார்த்து வாத்தியார் மைக்கைப் பிடித்தார். "அவையோர்களே! மணி என்ன?" என்று கேட்டார். கூட்டத்தில் பாதிப் பேர் ஏற்கெனவே அடிபட்டவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மைக்செட்டுக்கார நல்லகாமன் வெளியூர். அவன்தான், "பன்னெண்டு சார்" என்றான். எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் அந்த இடத்திலேயே எரிந்து போயிருக்க வேண்டும்.

இருபது நிமிஷம் ஓடியது. ரோமாபுரியே இன்னும் தாண்டவில்லை. பன்னிரண்டரை ஆனது. தட்டிக்கு அந்தப் பக்கம் இலை போடுகிற சரசரப்பு கேட்டது. பசுபதி எழுந்து ஒரு துண்டுச் சீட்டை மேடையில் வைத்தார். வாத்தியார் அதில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். வடை வாசம் வந்தது. குழந்தைகள் சிணுங்கின. பெரியவர்கள் கொட்டாவிக்கு நடுவில் எச்சில் விழுங்கினார்கள். மணி ஒன்றைத் தாண்டியது.

முன்வரிசையில் பெண்கள் பக்கம் செல்லத்தாய் முந்தானையைச் சுருட்டி வயிற்றில் அமுக்கியபடி உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறி, மேலுதட்டில் வேர்வை பூத்திருந்தது. பக்கத்தில் இருந்த தர்மாம்பாள் குனிந்து பார்த்தாள்.

"என்னடிம்மா, மறுபடியும் வலியா? நீ போய் ஒரு வாய் சாப்பிடேன். இலை போட்டாச்சு."

"அவரு இன்னும் சாப்பிடலயேம்மா. அவரு சாப்பிட்ட பெறகுதான். ஒங்கள மாதிரி."

"என்னை மாதிரியா?"

"ஒங்களப் பாத்துத்தானம்மா நாங்க இத ஆரம்பிச்சதே. அய்யா சாப்பிட்ட பெறகுதான் நீங்க சாப்பிடுவீங்கன்னு ஒங்க வீட்டுல பாத்துட்டு வந்து சொன்னாரு."

தர்மாம்பாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அடி பைத்தியமே! எங்காத்துல அவர் ஒம்பதே கால் மணிக்குச் சாப்ட்டுட்டு ஆபீசுக்கு ஓடுவார். ஞாயித்துக்கிழமையும் அதே பழக்கம்தான். அவர் இலையை எடுத்த கையோட நான் உக்காந்துடுவேன். பத்து மணிக்கு எனக்குச் சாப்பாடு முடிஞ்சுடும். மூணு மணிக்கு டிபன் வேற. நான் ஒரு நாளும் பட்டினி கெடந்ததில்லையேடி!"

செல்லத்தாய்க்கு முதலில் விளங்கவில்லை. பத்து மணி. பத்து மணிக்கு அந்தம்மா சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டிருக்கிறாள். அதைப் பார்த்துப் படித்த பாடத்துக்காக, கொல்லைச் சுவருக்கு இந்தப் பக்கம் இவள் மூன்று மணிவரை நெருப்பை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்துக் காப்பியடித்தவன் பாதி விடையை விட்டுவிட்டு எழுதினானாம். மார்க் போனால் அவனுக்குப் போகும். இங்கே போனது இவள் குடல். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். இந்தப் பூனை கெட்டிக்காரப் பூனை, சூட்டைப் பெண்டாட்டி வயிற்றில் அல்லவா போட்டிருக்கிறது? செல்லத்தாய்க்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. புருஷன் மேல் பாதி, ஒரு தடவைகூடக் கொல்லைச் சுவருக்கு மேலே எட்டிப் பார்க்காத தன் மேல் பாதி.

மேடையில் வாத்தியார் ஒருவழியாக மடத்துக்குள் நுழைந்திருந்தார்.

"பசி! பசின்னா என்னா பசி! காலையிலருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. வயிறு எரியிது. கண்ணு இருட்டுது. காது அடைக்குது. மூணு மணி ஆகணும், அதுக்கு முந்திச் சாப்பிடக்கூடாதுன்னு சட்டம். அந்தச் சாமியார் எம்புட்டு நேரம்தான் பொறுப்பார்? சொல்லுங்க. பொறுத்துப் பொறுத்துப் பாத்தார். கடைசில என்ன செஞ்சார்?"

இந்த இடத்தில் நிறுத்துவது அவர் வழக்கம். ரெண்டு கையையும் மேலே தூக்கி இல்லாத கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எதிரில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார். இதுவரை ஒருவரும் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதில்லை.

முன்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. செல்லத்தாய் எழுந்து, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, தட்டியைப் பார்த்து நடந்தாள்.

"ஏய், செல்லத்தாயி! எங்க போற?" என்று வாத்தியார் பதறிக் கேட்டார். கேட்டது மைக்கில். திருநகர் முழுக்கக் கேட்டது.

அவள் நின்று திரும்பினாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

"சாப்பிடப் போறேன்."

கயிறு பிடித்த கை அப்படியே ஆகாயத்தில் நின்றது. "இருடிம்மா, நானும் வரேன்" என்று தர்மாம்பாள் எழுந்தாள். அவளுக்கு அடுத்தவள் எழுந்தாள். பந்திக்கு முந்து என்று நம்மவர்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? அரை நிமிஷத்தில் நாற்காலிகள் தடதடவென்று சரிந்தன, பிள்ளைகள் பெரியவர்களின் காலுக்குள் புகுந்து ஓடின. பசுபதி மட்டும் மரியாதைக்கு ஒரு கணம் நின்றார். பிறகு மேடையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவரும் போய்விட்டார்.

மிஞ்சியது நல்லகாமன். "சார், இன்னும் பேசுறீங்களா, ஆஃப் பண்ணிரவா?" என்றான். பதில் வரும் என்று அவன் காத்திருக்கவில்லை. ஒயரைச் சுருட்டத் தொடங்கினான்.

வாத்தியார் மேடையிலிருந்து இறங்கினார். வயிற்றுக்குள் என்னவோ பிசைந்தது. அது என்னவென்று புரியச் சற்று நேரம் ஆனது. இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்ன சங்கதி, இன்றைக்குத்தான் அவருக்கு முதன்முதலாக அறிமுகமானது. தட்டியைச் சுற்றிக்கொண்டு சாப்பாட்டுப் பக்கம் போனார். மேசையெல்லாம் நிறைந்துவிட்டது. ஒரு இலைகூடப் பாக்கி இல்லை. பேச்சாளருக்கு என்று யாரும் இடம் பிடித்து வைக்கவில்லை.

நம் ஊர்ப் பந்தியில் இடம் கிடைக்காதவன் என்ன செய்வான் என்று எல்லாருக்கும் தெரியும். முடிக்கப் போகிற ஆளாகப் பார்த்து நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஏற்கெனவே ஆள் நின்றது. ஒரே ஒரு நாற்காலிக்குப் பின்னால்தான் காலியாக இருந்தது. அது செல்லத்தாயுடையது. வாத்தியார் போய் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

செல்லத்தாய் திரும்பவில்லை. சாம்பார் சோற்றைப் பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டாள். முருங்கைக்காயைக் கடித்துச் சக்கையை ஒழுங்காக இலையோரம் வைத்தாள். "அண்ணே, இங்கிட்டுக் கொஞ்சம் சோறு" என்று கூப்பிட்டு இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டாள். ரசம் வந்தது. பாயசம் வந்தது. அப்பளத்தைப் பாயசத்தில் நொறுக்கிப் போட்டாள். வழித்து வழித்து அவள் சாப்பிடுவதைப் பின்னால் நின்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார். திருநகருக்குக் குடி வந்து இத்தனை வருஷத்தில் அவள் சாப்பிட்டு அவர் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர் வயிறு கடகடவென்று ஒரு சத்தம் போட்டது. தர்மாம்பாள் காதிலேயே விழுந்து, அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வாத்தியார் குனிந்து, மைக்குக்குப் பழகிய தொண்டையை முடிந்த மட்டும் தணித்துக்கொண்டு சொன்னார்.

"செல்லத்தாயி... பசி தாங்கல. கொஞ்சம் வெரசா..."

செல்லத்தாய் விரலை நக்கியபடி நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் கோபம்கூட இல்லை.

"அவதி அவதியா முழுங்கக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிருக்காருங்க. இன்னும் மோரு வரல. இருங்க."

மோர் வாளி பந்தியின் அந்தக் கோடியில்தான் இருந்தது.